உப்புக் காற்றிலிருந்து உப்பு ரோட்டுக்கு: பனி ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்

பிரான்சுக்குக் கிளம்பும் பிள்ளைகள் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே ரகம்தான். இட்லி அரிசி கிடைக்குமா, எத்தனை ஸ்வெட்டர் எடுக்க வேண்டும், வாடகை வீட்டுக்கு ஜாமீன் யார் போடுவார்கள். சென்ற மாதம் வந்த பையன் வேறு ரகம். கொல்மாரில் வேலையாம். வந்ததும் போனை என் முன் நீட்டினான். சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1991 மாடல், பானட்டிலிருந்து எழுந்து நிற்கும் ஹெட்லைட், மடக்கித் திறக்கும் துணிக்கூரை.

“மாமா, போனதும் இதத்தான் வாங்கப்போறேன். பனியில ஓடுமா?”

“வண்டி ஓடும். நீ ஓட்டுவியான்னுதான் பாக்கணும்.”

அதே மாடலைக் கொல்மாரில் 11 குளிர்காலம் ஓட்டியவன் நான். அன்று திண்ணையில் அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்து பிறகு போன் போட்டுச் சொன்னதையும் சேர்த்து வரிசையாக இங்கே எழுதுகிறேன். கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறவர்களுக்கும், அந்தந்த ஊர்ச் சட்டம் நீங்கலாக, மற்றதெல்லாம் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகப் போகிறவர் பயப்படுவது பனியைப் பார்த்து. பழைய காரைச் சாகடிப்பது பனி இல்லை, அதை உருக்க ரோட்டில் கொட்டும் உப்பு. ஓட்டுகிறவரைக் கவிழ்ப்பதும் பெரும்பாலும் பனி இல்லை, அவருடைய கால். உப்பு நமக்குப் பழக்கமான எதிரிதான். கடற்கரை ஓரம் குடியிருக்கிற யாரையும் கேளுங்கள், கேட் கீல் எத்தனை வருஷம் தாங்குகிறது, ஸ்கூட்டர் சைலன்சர் எப்போது ஓட்டை விழுகிறது என்று சொல்வார்கள். இந்தக் காற்றிலிருந்து தப்பித்தோம் என்றுதான் நானும் விமானம் ஏறினேன். கொல்மார் இருக்கும், கடலே கண்ணில் படாத அல்சாஸ் பகுதியில், டிசம்பர் காலையில் ஒரு லாரி பின்பக்கத்திலிருந்து உப்பைத் தூவிக்கொண்டே என் முன்னால் போனது. என் பானட்டில் உப்புக்கல் சடசடவென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எது பனி, எது ஐஸ்

மார்கழிக் காலையில் கோலத்தை நனைப்பதும் நமக்குப் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. ரோட்டில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே குறைந்தது நான்கைப் பிரித்தறிய வேண்டும். இப்போதுதான் விழுந்த பஞ்சுப் பனி. வண்டிகள் மிதித்து இறுகிய பனி. உப்புப் பட்டு உருகிச் சேறாகிய பனி. கடைசியாக, கண்ணுக்கே தெரியாத கண்ணாடி ஐஸ். இந்தக் கடைசியை பிரெஞ்சுக்காரர்கள் வெர்க்லா என்பார்கள். ஈர ரோடு போலவே கறுப்பாக இருக்கும். பாலத்தின் மேலும், வெயில் படாத மரநிழலிலும், மலையின் வடக்குப் பக்க வளைவிலும் முதலில் வரும், கடைசியாகப் போகும். டயர் சத்தம் திடீரென்று அடங்கி, ஸ்டியரிங் கையில் லேசானால், நீங்கள் அதன் மேல் இருக்கிறீர்கள்.

இன்னொன்று, நம் ஊர் அறிவுக்கு ஒத்துவராதது. மைனஸ் 10 டிகிரியை விட 0 டிகிரிதான் ஆபத்து. கடுங்குளிரில் ஐஸ் காய்ந்து கிடக்கும், டயருக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். 0 டிகிரியை ஒட்டி ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். பாசி படிந்த குளத்துப் படி மாதிரி.

படி 1: வாங்கும்போது கீழே படுத்துப் பாருங்கள்

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், படுக்க ஒரு பாய் எடுத்துப் போங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டி மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, டிங்கர் வைத்த பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையில் குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடம், அந்தப் பெட்டி பின் சக்கரத்தைத் தொடும் கடைசி ஒரு சாண்.

அங்கே மட்டும் ஏன்? துணிக்கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் இறங்கி, குழாய் வழியாக அந்த மூலையில்தான் வெளியேறும். இலையும் தூசியும் குழாயை அடைத்தால் தண்ணீர் உள்ளே நிற்கும். வெளியிலிருந்து உப்பு, உள்ளிருந்து ஈரம். என் வண்டியில் இரண்டு இலையுதிர் காலம் அந்தக் குழாயைத் துடைக்காமல் விட்டது என் சோம்பல்தான். மூன்றாம் வருஷம் பரிசோதனைக்குப் போனபோது, பரிசோதகர் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினார். முனை உள்ளே போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எடுத்து என்னிடம் காட்டினார், அவ்வளவுதான். வெல்டிங்குக்கு ஆன செலவில் இரண்டு செட் டயர் வாங்கியிருக்கலாம்.

காகித விஷயம் கொஞ்சம். பிரான்சில் ஆர்.சி. புக்குக்குக் கார்த் கிரிஸ் என்று பெயர். 30 வருஷம் தாண்டிய, இப்போது உற்பத்தியில் இல்லாத, மூல வடிவம் மாறாத வண்டிக்கு ‘கலெக்சியோன்’ என்ற தனி வகையில் பதிவு வாங்கலாம். சாதாரண வண்டிக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை வரும் கட்டாயப் பரிசோதனை, இந்த வகைக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பு ரோட்டில் ஓடும் வண்டிக்கு 5 வருஷம் ரொம்ப நீளம். நீங்களே வருஷா வருஷம் ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: தினம் வேலைக்குப் போய்வர ஓட்டலாமா, இரவில் தெருவில் நிறுத்தலாமா? பழைய காருக்கான பாலிசிகளில் இந்த இரண்டுக்கும் நிபந்தனை இருப்பதுண்டு.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் பையன் அப்பாவின் ஸ்விஃப்ட்டில் பழகியவன். அதில் முன் சக்கரம் இழுக்கும், எஞ்சின் எடையும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். எம்எக்ஸ்-5இல் பின் சக்கரம் தள்ளும். அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. மழைக்காலத்தில் களிமண் பாதையில் அதன் பின்புறம் ஆடிய ஆட்டம் நினைவிருக்கும். எஞ்சினே பின்னால் இருக்கும் வண்டிகள் மூன்றாம் வகை. பழைய ரெனோ ஆல்பீன் ஏ110 அப்படிப்பட்டது, 1971லும் 1973லும் பனி மலையில் நடக்கும் மோன்தே கார்லோ ராலியை வென்றது. அதற்கு முன் 1964, 1965, 1967 மூன்று வருஷமும் அதே ராலியில் ஜெயித்தது குட்டி மினி கூப்பர், முன் சக்கர இழுப்பு. ஆக, பனியில் ஸ்போர்ட்ஸ் கார் ஓடுமா என்ற கேள்விக்கு அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. என்ன, ஓட்டியவர்கள் பேடி ஹாப்கர்க், டிமோ மேக்கினன் மாதிரி ஆட்கள்.

படி 2: நவம்பர் 1க்குள் டயர்

இந்தத் தேதி புதுச்சேரிக்காரருக்கு மறக்காது. நமக்கு விடுதலை நாள். பிரான்சின் மலைப்பகுதிகளில் அதே நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்காலச் சட்டம். 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஊர்களுக்குள் போக வேண்டுமானால் நான்கு சக்கரத்திலும் குளிர்கால டயர் இருக்க வேண்டும், அல்லது இழுக்கும் இரண்டு சக்கரத்துக்காவது போடக்கூடிய சங்கிலியோ துணி உறையோ டிக்கியில் இருக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருந்தால்தான் குளிர்கால டயர் என்று ஏற்பார்கள். ‘எம் ப்ளஸ் எஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. பழைய டயரோடு சேர்த்து வண்டி விற்பவர்கள் இந்த இடத்தில்தான் மழுப்புவார்கள்.

கொல்மார் சமவெளியில் இருக்கிறது, அங்கே எதற்கு என்று கேட்காதீர்கள். முன்ஸ்டேர் பள்ளத்தாக்கில் நுழைந்து, ஷ்லுக்ட் கணவாய் ஏறினால் 1139 மீட்டர். கீழே மழை தூறும்போது மேலே முழங்கால் அளவு பனி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெரார்மே ஏரியைப் பார்க்க நண்பர்கள் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள்.

சட்டத்துக்காக மட்டும் அல்ல. கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். பனியே இல்லாவிட்டாலும் பிடி குறையும். அகலமான டயர் போட்டால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஆசை வேண்டாம். பனியில் ஒல்லி டயர்தான் கீழே வெட்டி இறங்கும். எம்எக்ஸ்-5க்குத் தொழிற்சாலையில் போட்ட 185/60, 14 அங்குல அளவே போதும். பின் சக்கரம் மட்டும் மாற்றினால் போதுமா என்று பையன் கேட்டான், காசு மிச்சமாம். மாற்றினால் வண்டி ஓடும், திரும்பாது. நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்ததைப் பனிக்கு நம்பாதீர்கள்.

காற்றழுத்தம் 10 டிகிரி குறைவுக்குச் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். அக்டோபரில் பிடித்த காற்றை ஜனவரியிலும் நம்பிப் போகிறவர்கள் பலர்.

சங்கிலி வாங்கினால் வீட்டு வாசலில் இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். பின் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும், இந்த வண்டியில் தள்ளுவது அதுதான். மாட்டி நூறு இருநூறு மீட்டர் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. நீல வட்டத்தில் சங்கிலி மாட்டிய சக்கரம் வரைந்த பலகை தெரிந்தால், அங்கிருந்து சங்கிலி கட்டாயம். குளிர்கால டயர் போதும் என்றால் அதற்குக் கீழே சின்னப் பலகையில் எழுதியிருப்பார்கள்.

படி 3: ரேடியேட்டர், பேட்டரி, கதவு

நம் ஊரில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அங்கே அதைச் செய்தால் எஞ்சினுக்குக் கொள்ளி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். இரும்புக்குள் அதற்கு இடம் இல்லை, இரும்பு வெடிக்கும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். முந்தைய ஓனர் என்ன ஊற்றினார் என்று யாருக்குத் தெரியும்? வாங்கியதும் முழுதாகக் கொட்டி மாற்றிவிடுங்கள். கண்ணாடி கழுவும் தொட்டிக்கும் குளிர்கால நீர் தனியாக விற்கும். சாதாரண நீர் ஓடும் வண்டியில் கண்ணாடி மேலேயே உறைந்து, ஒரு நொடியில் முன்னால் எதுவும் தெரியாமல் போகும்.

பேட்டரி உறைநிலையில் மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். மைனஸ் 18இல் பாதிதான் மிஞ்சும். எஞ்சின் ஆயிலும் அப்போது கெட்டியாகிவிடுவதால், இருமடங்கு வேலைக்குப் பாதிக் கூலி கொடுத்த கதை, செல்ஃப் எடுக்காது. எம்எக்ஸ்-5இல் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும், பானட்டைத் திறந்து தேடாதீர்கள். மாற்றும்போது வாயு வெளியேறும் குழாய் உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்கி, அந்தக் குழாயை மாட்டுங்கள். கார்புரேட்டர் வைத்த இன்னும் பழைய வண்டியானால் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சீரானதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். ஸ்டார்ட் ஆவதற்கு முன் ஆக்சிலேட்டரைச் சும்மா சும்மா மிதித்தால் பிளக் நனைந்துவிடும்.

இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். உருகிய நீர் கேபிளிலும் பிரேக்கிலும் உறைந்து, காலையில் பின் சக்கரம் சுற்றாது. கியரில் விட்டு, சரிவானால் சக்கரத்தை நடைபாதைக் கல் பக்கம் திருப்பி வையுங்கள். கதவு ரப்பருக்கு சிலிகான் தடவுங்கள். பூட்டு உருக்கும் ஸ்பிரேயைச் சட்டைப் பையில் வையுங்கள். வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கும் அறிவாளிகளில் நானும் ஒருவன். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும்.

துணிக்கூரை மேல் பனியை விட்டுவைக்காதீர்கள். ஈரப்பனி கனமானது. சுரண்டி வேண்டாம், மெல்லிய பிரஷ்ஷால் தள்ளுங்கள், முழுதாகத் தள்ளுங்கள். கண்ணாடிக்கு மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், முதல் பிரேக்கில் கூரைப் பனி மொத்தமும் முன் கண்ணாடியில் வந்து உட்காரும்.

படி 4: மீன் குழம்புச் சட்டி

இந்தப் படியை விமானம் ஏறும் முன் இங்கேயே முடிக்கலாம்.

பையனிடம் சொன்னேன்: “அம்மாகிட்ட மீன் குழம்பு வெக்கச் சொல்லு. சட்டியில விளிம்புக்கு ரெண்டு விரல் கீழ இருக்கணும். தட்டு போட்டு மூடி, முன் சீட்டுக்குக் கீழ வெச்சு, பாகூர்ல இருக்கற உங்க சித்தி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போ. நான் பக்கத்துல வரேன்.”

முதலியார்பேட்டை தாண்டுவதற்குள் குழம்பு மிதியடிக்கு வந்துவிட்டது. அவன் அடித்த பிரேக் ஒன்றும் பெரிய பிரேக் இல்லை. நான் கவனித்தது வேறு. வண்டி நிற்கும் கடைசி நொடியில் அவன் கால் பிரேக் மேல் அதே அழுத்தத்தில் இருந்தது. வண்டி நின்றதும் முன்னால் குனிந்த மூக்கு படக்கென்று பின்னால் எழும்பியது. குழம்பு கொட்டியது அந்தப் பின்னெழும்பலில்தான். முருங்கப்பாக்கம் சிக்னலில், நிற்பதற்குச் சற்று முன் அழுத்தத்தைத் தளர்த்தச் சொன்னேன். சட்டி அசையவில்லை. அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் கியர் மாற்றத்தில் ஒருமுறை தளும்பியது, கிளட்சை அவன் விட்ட வேகம் அப்படி. மூன்றாம் ஞாயிறு சித்தி வீட்டில் முழுச் சட்டியும் இறங்கியது. ஸ்விஃப்ட்டில் மட்டும் இன்னும் புளி வாசம் போகவில்லை என்று அவன் அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

குழம்புக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? டயரின் பிடியை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார் ரோட்டில் கையில் முழு ரூபாய். இறுகிய பனியில் கால் ரூபாய். ஐஸில் பத்துப் பதினைந்து காசு. பிரேக், ஆக்சிலேட்டர், திருப்பம் எல்லாமே இந்தக் காசிலிருந்துதான் செலவு. திருப்பத்துக்கே இருபது காசு போய்விட்ட இடத்தில் பிரேக்குக்குப் பத்துக் காசு கேட்டால் கடன் கிடைக்காது, வண்டி சறுக்கும். கால் மெத்தென்று இருந்தால் செலவு சின்னச் சின்னதாகப் போகும்.

அதையே மீட்டரில் சொன்னால், 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் காய்ந்த ரோட்டில் வண்டி சுமார் 13 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் சுமார் 50 மீட்டர். ஐஸில் 100 மீட்டர் வரை. இதில் யோசித்துக் காலை எடுத்து வைக்கும் நேரம் சேரவில்லை.

படி 5: காலி மைதானத்தில் சறுக்கிப் பழகுங்கள்

முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை, விளக்குக் கம்பமும் ஆளும் இல்லாத பெரிய காலி இடமாக, உரியவரிடம் அனுமதி கேட்டுப் போங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே வண்டியைச் சறுக்க விடுங்கள். பாகூர் பக்கம் அறுவடைக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் பைக் ஓட்டியவர்களுக்கு அந்த அடிவயிற்று உணர்வு பாதி தெரிந்திருக்கும்.

பின்புறம் வலப்பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் வலப்பக்கமே திருப்புங்கள். கண், வண்டி போகும் இடத்தைப் பார்க்கக் கூடாது, நீங்கள் போக நினைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கை தானாக அங்கே வரும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பின்புறம் நேராகத் தொடங்கிய கணமே ஸ்டியரிங்கையும் நேராக்குங்கள். புதியவர்கள் கோட்டைவிடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். முதல் சறுக்கலைச் சமாளித்துவிட்டு, திருப்பிய கையைத் திரும்ப எடுக்காததால் எதிர்ப்பக்கம் இன்னும் பலமாகச் சுழலுவார்கள்.

அந்தக் கால எம்எக்ஸ்-5 பலவற்றில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் வெறும் அலங்காரம். மிதி, பூட்டியதும் விடு, மறுபடி மிதி. இதைக் கால் தானாகச் செய்யும் வரை பழகுங்கள். என் கணக்கில் ஒரு மணி நேர மைதானம், ஒரு மாத ரோட்டுக்குச் சமம்.

படி 6: மலை ரோடு

கிளம்பும் முன் மெத்தெயோ பிரான்ஸ் வெளியிடும் எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பனிக்கும் வெர்க்லாவுக்கும் ஆரஞ்சு காட்டினால் ரயிலில் போங்கள். நான் சொல்வது அனுபவத்தில். வோஜ் மலை முகட்டில் ஓடும் ருத் தே க்ரெத் சாலை கோடையில் இந்தக் காருக்கென்றே போட்டது போல இருக்கும், ஆனால் குளிர்காலத்தில் உயரமான பகுதியை மூடிவிடுவார்கள். வழிகாட்டிச் செயலி அந்தப் பக்கம் இழுத்தாலும் போகாதீர்கள்.

இரண்டாம் கியரில் கிளம்புங்கள். ஏற்றத்தில் முன் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு, நிற்காமல், ஒரே சீராக ஏறுங்கள். பாதியில் நின்றால் பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். டிக்கியில், பின் அச்சுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், 30 கிலோ மணல் மூட்டை நகராதபடி கட்டி வைத்தால் உதவும். சிக்கினால் அதே மணலை டயருக்கு முன் தூவலாம். இதற்கு மேல் எடை வைத்தால் வளைவில் பின்புறம் ஊசல் மாதிரி வீசும்.

இறக்கம்தான் விஷயம். என் இரண்டாம் குளிர்காலம், ஜனவரி, ஷ்லுக்டிலிருந்து கொல்மார் பக்கம் இறங்குகிறேன். ரோடு கறுப்பாக, ஈரமாகத் தெரிந்தது. பக்கத்து சீட்டில் ஃபிளாஸ்க். ஒரு இடது வளைவில் வேகம் கொஞ்சம் கூடிவிட்டதாகத் தோன்ற, ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சடாரென்று எடுத்தேன். பிரேக்கைத் தொடக்கூட இல்லை. பின் சக்கர வண்டியில் அப்படி எடுத்தால் எஞ்சின் பின் சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கும், ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி. வண்டி சத்தமே இல்லாமல் சுழன்றது. தேவதாரு மரங்கள் இடமிருந்து வலமாக ஓடின. நின்றபோது நான் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்புறம் ஓரத்துப் பனிக்குவியலில் புதைந்திருந்தது. ஃபிளாஸ்க் சீட்டிலேயே இருந்தது. எதிரே வண்டி வராதது புண்ணியம்.

அன்றிலிருந்து வைத்திருக்கும் வழக்கம்: இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவேன், வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்து முடிப்பேன், வளைவுக்குள் கால் எதையும் புதிதாகச் செய்யாது. பின்புறம் அசைவது தெரிந்தால் உடனே கிளட்சை மிதிப்பேன். எஞ்சினின் இழுப்பு விட்டுப்போய் பின் சக்கரம் சுதந்திரமாக உருளும், பிடி திரும்ப வரும்.

பனியில் சிக்கி நின்றுவிட்டால் ஹீட்டருக்காக எஞ்சினை ஓட விடும் முன் இறங்கி, சைலன்சர் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய துணிக்கூரைக்குள், இந்தச் சின்ன அறையில், அது அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது.

எம்எக்ஸ்-5 டிக்கி நம் அஞ்சறைப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. மணல் போக மிச்ச இடத்தில் மடக்கு மண்வெட்டி, போர்வை, டார்ச், பேட்டரி இணைப்பு வயர். எதிரொளிக்கும் மேல்சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் 2008 முதல் பிரான்சில் கட்டாயம். மேல்சட்டையை டிக்கியில் வைக்காமல், இறங்கும் முன் போட்டுக்கொள்ள வசதியாக சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். அவசரத்துக்கு எண் 112.

படி 7: உப்பைக் கழுவுங்கள்

வாட்டர் சர்வீஸ் என்றால் நமக்கு மேலே ஷாம்பூ போட்டுப் பளபளக்க வைப்பது. அங்கே மேலே அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, அடியைக் கழுவ வேண்டும். சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழ்ப்பெட்டி, பிரேக் குழாய் ஓடும் பாதை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெப்பநிலை 0க்கு மேல் ஏறும் பகல் பொழுதில். உறையும் குளிரில் கழுவினால் கதவு ஒட்டிக்கொள்ளும். கழுவியதும் கதவு ரப்பரைத் துணியால் துடையுங்கள்.

குளிருக்குப் பாவம் என்று உப்பு வண்டியை ஹீட்டர் போட்ட கராஜில் வைக்கிறவர்கள் உண்டு. துருவுக்கு அதைவிட விருந்து வேண்டாம். உறைந்த உப்பு சும்மா கிடக்கும். கதகதப்பில் உருகி, மடிப்புக்குள் ஊறி, வேலையைத் தொடங்கும். காற்றோட்டமுள்ள குளிர்ந்த கொட்டகை மேல்.

அக்டோபரிலேயே தகரப் பெட்டிகளின் உள்ளே மெழுகு அடித்துவிடுங்கள். கடையில் நீளக் குழாயோடு ஸ்பிரேயாகக் கிடைக்கும், அடியிலுள்ள துளை வழியாக விட்டு அடிக்கலாம். ஏற்கெனவே துருப்பிடித்த இடத்தின் மேல் கறுப்பு அண்டர் கோட்டிங் பூசி மறைக்காதீர்கள், துரு அதற்குள்ளே ஈரத்தோடு நிம்மதியாக வளரும். சுரண்டி, துரு எடுத்து, பிறகு பூசுங்கள். கூரை வடிகால் குழாயில் நீளமான ஒரு பிளாஸ்டிக் கேபிள் கட்டும் பட்டையை விட்டு மேலும் கீழும் ஆட்டுங்கள். இலை விழும் மாதம் முழுக்க, வாரம் ஒருமுறை. ஒரு டம்ளர் தண்ணீர் மேலே ஊற்றி, பின் சக்கரத்துக்கு முன்னால் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

ஏப்ரலில் இரண்டு நல்ல மழை பெய்து ரோட்டு உப்பு கழுவிப்போன பிறகு டயரை மாற்றி, மணல் மூட்டையை இறக்கி, அடிப்பாகத்தை ஒருமுறை முழுதாகக் கழுவுங்கள். அன்றே கூரையைத் திறக்கக் கை துறுதுறுக்கும். 15 டிகிரியாவது ஆகட்டும், குளிரில் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் அப்பளம் மாதிரி உடையும். முதலில் அதன் ஜிப்பைத் திறந்து, தட்டையாகப் படுக்க வைத்து, மேலே ஒரு பழைய துண்டை விரித்துவிட்டுக் கூரையை மடக்குங்கள்.